விருதுகள்: மேற்படி

திங்கட்கிழமை காலை, வழக்கம்போல் பத்து நிமிடம் தாமதமாக, மேற்படியார் பதிவு அலுவலகத்தின் படியேறினார். ஓய்வு பெற இன்னும் ஐந்தே நாள். வெள்ளிக்கிழமை முற்பகல் மாடி அரங்கில் பாராட்டுக் கூட்டம். 'முப்பத்தாறு ஆண்டுப் பிழையற்ற பணி' என்று எழுதிக் கண்ணாடி போட்ட பாராட்டிதழ் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் சட்டம் தங்க நிறமா, கறுப்பா என்பதுவரை அவரே கடைக்குப் போய் விசாரித்து வைத்திருந்தார். மனிதருக்கு அத்தனை அடக்கம்.

மேற்படியார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. படைவீரர்களின் பணிப் பதிவுகளைக் காக்கும் அலுவலகம் அது. ஒரே விஷயத்தை இரண்டாம் முறை எழுத வேண்டி வந்தால் அவர் கை தானாகவே 'மேற்படி' என்று போட்டுவிடும். மூத்த மகனின் பள்ளிப் படிவத்தில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், இளையவனுடையதில் மேற்படி. தலைமையாசிரியை ஆள் அனுப்பி, "மேற்படிங்கிறவர் யாருங்க, சித்தப்பாவா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கதையை அவர் மனைவியே தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அன்று அவர் பையை வைப்பதற்குள் கவுண்டரில் ஒரு பெண் நின்றிருந்தாள். பஸ் ஓட்டுநர் சீருடை, சட்டைப்பையில் சாவிக்கொத்து. ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் ஓடி வந்திருக்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"அப்பா போய் மூணு மாசம் ஆச்சு சார். அவரோட மனு என்னாச்சு?"

மேற்படியாருக்கு அந்த அப்பாவைத் தெரியும். தெரியாமல் என்ன? பதினோரு வருடம், வருடத்துக்கு ஒரு தடவை, வலது காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றவர். இடது காது செத்துப்போனதால் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுவார். "தம்பி, என் அட்டையில மூணு பதக்கம் விட்டுப்போச்சு. மேல பாரு, எனக்கு முந்தின நம்பர்காரன் அட்டைய எடு. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே மேடையில குத்துனாங்க." மேற்படியாரும் வருடம் தவறாமல் ஒரே பதிலை அனுப்பி வைத்தார்: 'மூலப் பதிவேட்டில் காணப்படவில்லை.'

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. மறுபடி மனுப் போடுங்க."

"போடறேன். ஆனா இதைச் சொல்லுங்க." அவள் அட்டையின் நகலை எடுத்து நீட்டினாள். "விருதுகள்னு போட்டு, எதிர்ல மேற்படின்னு எழுதியிருக்கு. அதுக்கு மேல் வரியில இருக்கறது இரத்த வகை. எங்கப்பாவுக்கு பி பாசிட்டிவை விருதா குடுத்தாங்களா சார்?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேற்படியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"கல்லறையில வைக்கற கல்லுல, பதிவுல இருக்கறதை மட்டும்தான் வெட்டுவாங்களாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். இல்லன்னா பேரும் நம்பரும் மட்டும். அவ்வளவுதான் எங்கப்பா." அவள் குரலில் அழுகை இல்லை. அழுகை இருந்திருந்தால் மேற்படியாருக்குச் சமாளிக்கத் தெரியும்.

"பாக்கறேன்மா," என்றார்.

விஷயம் இதுதான். பதினேழு வருடத்துக்கு முன் பழைய விருதுப் பதிவேட்டைத் தனித்தனி அட்டைகளில் பெயர்த்தெழுதும் வேலை வந்தது. முதலில் முடிப்பவருக்குப் பதவி உயர்வு என்றார்கள். மேற்படியார் பறந்தார். பதிவேட்டில் ஒரே மோதலில் விருது வாங்கியவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். முதல் ஆளுக்கு எதிரே பதக்கங்களின் பெயர், அடுத்தடுத்த ஆட்களுக்கு 'மேற்படி'. நம்மாள் கண்டதைக் கண்டபடி அட்டையில் இறக்கினார். பதிவேட்டில் மேற்படிக்கு மேலே ஆள் இருந்தார். தனி அட்டையில் மேலே யார் இருக்கிறார்? நானூற்றுச் சொச்சம் பேரின் வீரம் அப்படியே ஆவியாகிப்போனது. எல்லாவற்றிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று அவரே கையெழுத்துப் போட்டார், மூலப் பதிவேடு தூளாக்கும் இயந்திரத்துக்குப் போயிற்று, அவர் பதவி உயர்ந்தார்.

செய்தது அடுத்த வருடமே அவருக்குப் புரிந்துவிட்டது. முந்தின எண்ணின் அட்டையை எடுத்துப் பார்த்து எழுதினால் தீர்ந்தது, ஆளுக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் திருத்தினால் பிழைக்குறிப்பு எழுத வேண்டும், பிழை யாருடையது என்று பெயர் போட வேண்டும். ஒன்றைத் தொட்டால் நானூறும் சரியும். அதனால் தொடவில்லை. பிழையற்ற பணி என்பதன் இரகசியம் அவ்வளவுதான்.

அந்தப் பெண் போனதும், ஒரு பேச்சுக்காவது அட்டையைப் பார்த்து வைப்போம் என்று நிலவறைக்கு இறங்கினார். நேரம் பதினொன்றரை. வெளியே வெயில் தீய்த்துக்கொண்டிருந்தது. நிலவறைக்கு அந்தச் செய்தி எட்டுவதே இல்லை. ஜன்னல் கிடையாது. குழல் விளக்கு எரியலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் எரியும். இருபுறமும் இரும்பு அலமாரிகள். இழுப்பறைகளில் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும்.

முதலில் வந்தது வாசனை. பித்தளை துலக்கும் பசையின் வாசனை, அதோடு நனைந்த கம்பளித் துணியின் வாடை.

பிறகு சத்தம். தலைக்கு மேலே, தளத்தில் யாரோ நடந்தார்கள்.

டொக். சர்ர்ர்.

டொக். சர்ர்ர்.

ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுபட்டு. மாடியில் யாரோ மேஜையை நகர்த்துகிறார்கள் என்று மேற்படியார் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அந்தப் பெண்ணின் அப்பாவான பழைய சிப்பாயின் அட்டையை எடுத்தார். அதற்கு நேர் கீழே இன்னோர் அட்டை இருந்தது. அதில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் முடி நிறைய வைத்த ஓர் இளைஞன் முறைத்தான்.

அது அவரே.

அலுவலகப் பணியாளர்களுக்கும் அச்சிடுவது அதே படிவம்தான், சிக்கனம். 'காயங்கள்' என்ற கட்டம் குமாஸ்தாக்களுக்கு எதற்கு என்று எல்லோரும் கேலி செய்வது உண்டு. ஆனால் அவர்களுடைய அட்டைகள் வேறு அறையில் இருக்கும். இது எப்படி இங்கே? புரட்டிப் பார்த்தார். 'அடையாளக் குறி' என்ற இடத்தில் கன்னத்து மச்சம் என்று இருந்தது அடிக்கப்பட்டு, பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தது: மேற்படி.

அவருடைய கையெழுத்தேதான்.

காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. உயிரோடு இருந்தவரை ஊருக்கே கேட்கப் பேசிய குரல், இப்போது கிசுகிசுத்தது.

"மேல பாரு."

அவர் மேலே பார்க்கவில்லை. படிகளைத்தான் பார்த்தார், கையில் தமது அட்டையோடு மூன்று மூன்றாக ஏறினார்.

ஓய்வு பெறப்போகிறவரை வம்புக்கு இழுக்கிற விளையாட்டு, ஆவணப் பிரிவுப் பயல்கள் வேலை என்று சாயங்காலத்துக்குள் முடிவுகட்டிவிட்டார். வீட்டில் சட்டையைக் கழற்றியபோது மனைவி அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"என்னங்க இது, முழங்கைல தீக்காயத் தழும்பு? எப்பச் சுட்டுக்கிட்டீங்க?"

"எங்க?"

"இதோ. பழைய தழும்பு மாதிரி இருக்கு. இருபத்தெட்டு வருஷமா இந்தக் கையப் பாக்கறேன், இதைப் பாத்ததே இல்லையே."

சிப்பாயின் அட்டையில் அடையாளக் குறி என்ன என்று மேற்படியாருக்கு நினைவிருந்தது. இடது முழங்கை, தீக்காயம்.

செவ்வாய்க்கிழமை காலை மனைவி மூன்று தடவை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. கிட்டே வந்து தோளைத் தட்டினாள். "காதை என்ன வாடகைக்கு விட்டிருக்கீங்களா?" இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு மௌனம். அலுவலகத்துக்கு ஓடினார். தமது அட்டையை முந்தின நாளே பணியாளர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். அது நிலவறையில், சிப்பாயின் அட்டைக்குக் கீழே சமர்த்தாகப் படுத்திருந்தது. செவித்திறன்: மேற்படி.

அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். புதன்கிழமை காலை தலையணைக்கு அடியில் ஒன்றும் இல்லை. கட்டிலிலிருந்து இறங்கியபோது வலது கால் தரையில் படவே மறுத்தது. தொடைக்குள் ஏதோ உலோகத் துண்டு நகர்ந்தது.

டொக். சர்ர்ர்.

அந்த நடை இப்போது அவருடைய நடை.

காயங்கள்: மேற்படி என்று எழுதியிருக்கும். போய்ப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் போய்ப் பார்த்தார். மனிதர் குணம் அப்படி. சிப்பாயின் அட்டையில் அடுத்து என்னென்ன கட்டங்கள் பாக்கி என்று விரல் வைத்துப் படித்தார். இரத்த வகை. விருதுகள். ஓய்வு நாள்.

கடைசியாக, இறந்த நாள்.

வியாழன் காலை, அந்தப் பெண் ஓட்டும் பஸ் கிளம்பும் இடத்துக்குக் காலை இழுத்துக்கொண்டு போனார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"உங்கப்பா... சாகும்போது என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராம்மா?"

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள், பிறகு அவர் காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சொன்னார். 'மேல பாருன்னு பதினோரு வருஷம் சொன்னேன், அந்தாள் கேக்கல. கேக்க வெச்சிட்டுத்தான் விடுவேன்'னார். ஜுரத்துல பேசறார்னு நெனச்சேன்."

"வேற?"

"தன்னை மாதிரி எத்தனை பேருக்கு விட்டுப்போச்சுன்னு விசாரிக்கச் சொன்னார். யாரை விசாரிக்கறது சார்? உங்களையா?"

அவர் வாயைத் திறந்தார். 'நானூற்றுப் பன்னிரண்டு' என்ற எண் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "நாளைக்கு உன் வேலை முடிஞ்சிரும்மா," என்று மட்டும் சொல்லி இறங்கினார்.

நிலவறைக்குள் போனபோது குழல் விளக்கு யோசிக்கவே இல்லை, உடனே எரிந்தது. அவருக்காகவே காத்திருந்த மாதிரி.

சிப்பாய்க்கு முந்தின எண்ணின் அட்டையை எடுத்தார். வீரப் பதக்கம், காயப் பதக்கம், போர்முனைப் பதக்கம். மூன்றும் தெளிவாக, அவர் கைப்படவே எழுதியவை. சிப்பாயின் அட்டையில் மேற்படியைச் சுரண்டி எடுத்துவிட்டு மூன்றையும் எழுதினார், முத்திரை குத்தினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு வருடம் ஒரு மனிதனை நடக்க வைத்த வேலை.

பிழைக்குறிப்பு? அதை எழுதவில்லை. தேதியைப் பதினேழு வருடம் பின்தள்ளிப் போட்டார். முதலிலிருந்தே சரியாக இருந்த அட்டை ஆகிவிட்டது. கெட்டிக்காரர்.

பேனாவை மூடியதும் காலில் வலி நின்றது. இடது காதில் பஞ்சு கரைந்தது, குழல் விளக்கின் ரீங்காரம் கேட்டது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது அவருக்கு. தமது அட்டையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

அந்தக் காதில், கேட்க ஆரம்பித்த அதே காதில், கிசுகிசுப்பு வந்தது.

"மத்தவங்க?"

மேற்படியார் சட்டைக்குள் இருந்த அட்டையை இறுக்கிப் பிடித்தார்.

தலைக்கு மேலே காலடிகள். இந்தத் தடவை ஒரு ஜோடி இல்லை. பத்து, நூறு. பூட்ஸ் கால்கள், ஊன்றுகோல்கள், மரக்கால்கள். மெதுவாக வந்து அணிவகுத்து நின்றன. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"நாளையோட எனக்கு ஓய்வு," என்றார் மேற்படியார், காற்றைப் பார்த்து. குரலில் கெஞ்சலும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. "அடுத்து வர்றவன் பாத்துக்குவான்."

"சரி," என்றது குரல்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வாசனைகூடப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மாடி அரங்கு நிரம்பி வழிந்தது. மேற்படியாரின் மனைவி முன்வரிசையில் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். சட்டம் தங்க நிறம். பழைய சிப்பாயின் மகளுக்குத் திருத்திய பதிவின் நகல் காலையிலேயே போய்விட்டது. கல் வெட்டுகிறவர் உளியை எடுத்துவிட்டதாகவும் சேதி. மேற்படியார் இரண்டு காலையும் சமமாக ஊன்றி மேடையில் நின்றார். யார் பேசினாலும் இடது காதைத் திருப்பிக் கேட்டார், பரிசோதித்துப் பார்ப்பவர் போல.

ஓய்வு பெறுகிறவரின் பணி அட்டையை மேடையில் வாசிப்பது அந்த அலுவலகத்து வழக்கம். அவர் அட்டையைக் காலையிலேயே மேற்படியாரே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். கொடுக்குமுன் நான்கு தடவை பார்த்தார். கன்னத்து மச்சம் திரும்பி வந்திருந்தது, மேற்படிகள் மறைந்திருந்தன.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"பணியில் சேர்ந்த நாள்... அடையாளக் குறி, கன்னத்தில் மச்சம். அது நல்லாவே தெரியுது." சிரிப்பு. "காயங்கள், இல்லை. நம்ம வேலையில காகிதம் கீறினாத்தான் உண்டு." மறுபடி சிரிப்பு. "ஓய்வு பெறும் நாள்..." அன்றைய தேதியை வாசித்தார்.

அடுத்த வரிக்கு வந்ததும் நெற்றியைச் சுருக்கினார். பிறகு சிரித்துவிட்டார்.

"என்ன சார் இது? பழக்கதோஷத்துல இங்கயும் போட்டுட்டீங்களே! இறந்த நாள், மேற்படி."

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. மேற்படியாரின் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மேற்படியார் சிரிக்கவில்லை. மேல் வரியில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருவருக்குத்தான் உறைத்தது.

அவர் மேலே பார்த்தார்.

அரங்கின் கூரையில் மின்விசிறியைத் தவிர ஒன்றும் இல்லை என்று எல்லோரும் பிறகு சத்தியம் செய்தார்கள். ஆனால் அவர் பார்வை இடமிருந்து வலமாக நிதானமாக நகர்ந்ததாம், வரிசையில் நிற்பவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிற மாதிரி. வரிசை முடிந்த இடத்தில் கை தானாக நெற்றிக்குப் போய் ஒரு சல்யூட் வைத்தது. அப்படியே சாய்ந்தார்.

மாரடைப்பு என்றார் மருத்துவர். மருத்துவருக்கு வேறென்ன தெரியும்?

அந்த இடத்துக்கு வந்த புதுக் குமாஸ்தா கண்ணும் கருத்துமான பெண். மூன்றாம் நாள் அவள் நிலவறையில் ஓர் அட்டை வெளியே எடுத்து வைத்திருப்பதைப் பார்த்தாள். 'விருதுகள்: மேற்படி' அடிக்கப்பட்டு, பதக்கங்களின் பெயர் முழுதாக எழுதியிருந்தது. கீழே பிழைக்குறிப்பு: 'பிழை என்னுடையது.' அதன் கீழே மேற்படியாரின் கையெழுத்து, அன்றைய தேதி. மறுநாள் இன்னோர் அட்டை. நாளுக்கு ஒன்று, விடுமுறை நாளிலும். அவள் இயக்குநரிடம் சொன்னாள். இயக்குநர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "திருத்தம் சரியாத்தானே இருக்கு? பேசாம இரு," என்றார். மாடியில் இருந்த தமது அறையை வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

பழைய சிப்பாயின் மகள் இதையெல்லாம், பாக்கி அட்டைகளைப் புதுக் குமாஸ்தா எண்ணி வருவதுவரை, கேள்விப்பட்டிருந்தாள். நம்பினாளா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து, ஒரு மத்தியான நடையில், பஸ் கிளம்பும் முன் ஒரு வயதான அம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றார். மகனைப் போரில் இழந்தவர் என்று பேச்சில் தெரிந்தது.

"கண்ணு, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். பதிவு ஆபீசுன்னு போட்டிருக்கு. நான் எந்த மனுவும் போடலையே."

கவரில் தபால் முத்திரை இல்லை. மகள் பிரித்துப் படித்தாள்.

"உங்க பையனுக்கு ரெண்டு பதக்கம்மா. பதிவுல விட்டுப்போச்சாம், இப்ப சேத்துட்டாங்களாம்."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடியில பொடி எழுத்துல இன்னும் ஏதோ இருக்கே, அது என்ன?" என்று கேட்டார்.

மகள் குனிந்து பார்த்தாள். நடுங்கிய கையெழுத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

'எனக்கு ஓய்வு எப்போது என்று தயவுசெய்து மேலே நிற்பவர்களிடம் கேட்டுச் சொல்லவும்.'

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். மடித்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"யாரோ லீவு கேக்கறாங்கம்மா."

"பாவம். குடுத்துட்டுப் போகட்டுமே?"

"அவசரம் இல்லம்மா. இன்னும் முந்நூறு வீடு பாக்கி இருக்கு."

பஸ்ஸைக் கிளப்பச் சாவியைத் திருகினாள். கட்டைவிரலில் ஏதோ பிசுபிசுத்தது. திருப்பிப் பார்த்தாள். மசி, இன்னும் காயாத மசி. துடைக்கத் துணியை எடுப்பதற்குள் விரல் ரேகைகளுக்குள் அது தானாகவே நகர்ந்து, பொடிப் பொடி எழுத்துகளாகக் கூடத் தொடங்கியது: 'தயவுசெய்து...'